பரிசல் பக்கம் போன ஃபோகஸ்

வெயில் தானாக இறங்கினால்தான் உண்டு, கெஞ்சினால் இறங்காது என்று தெரிந்தும் மதியழகன் கொள்ளிடத்து மணலில் நின்று சூரியனைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். இறங்கு, கொஞ்சம் இறங்கு, மாப்பிள்ளைக்கு நெற்றியில் எண்ணெய் வழிகிற மாதிரி விழுகிறாய், பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்புக் கட்டுகிறாய், இறங்கித் தொலை. மாப்பிள்ளையும் பெண்ணும் இன்னும் வந்தே சேரவில்லை என்பது வேறு விஷயம். அவர்கள் வருவதற்குள் கையைப் பழக்கிவிட வேண்டும் என்று கேமராவைக் கண்ணில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். உள்ளே, ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று காட்டுகிற அந்தச் சின்னச் சிவப்புப் பெட்டி நட்ட நடுவில் நின்றது. அதைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளி, மேலே தள்ளி, பெண்ணின் கண் எங்கே வருமோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அப்புறம்தான் பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும். கண்ணில் வை, கண்ணில் வை. வாய்விட்டே சொல்லிக்கொண்டான். பாலத்தின் மேல் ரயில் ஒன்று போயிற்று. அதைப் பார்த்தான், பெட்டி நடுவுக்கு வந்துவிட்டது. பெட்டியின் மேல் குற்றமில்லை, அது வைத்த இடத்தில் இருக்கிற சாதனம், அவனுடைய விரல்தான் அதை நடுவுக்கே கூட்டி வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தே வயசு போன விரல் அது. நீலத்துணி, முக்காலி, ஒரு ஆள். காது ரெண்டும் தெரியணும், முடியை ஒதுக்குங்க, சிரிக்காதீங்க, ஆச்சு, அடுத்த ஆள். முகம் என்றால் ஒன்று, அது நடுவில் இருக்கும். பரீட்சைக்குப் போகிற பெண், துபாய்க்குப் போகிற பையன், பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டிய பெரியவர், எல்லாரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஒரே முக்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்ததே இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் முகம் இருக்காது, சந்துதான் இருக்கும் என்கிற சின்ன விஷயம் இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை.

அவசியம் வந்தது போன மாதம். கடையை விட்டுவிட்டு, பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, கல்யாண போட்டோகிராபர் என்று கார்டு அடித்தவனுக்கு முதல் முதலாகத் தனியாகக் கிடைத்த கல்யாணம் நிவேதாவுடையது. மண்டப வாசலில் வைக்கிற பேனருக்கும் மேடைத் திரையில் ஓடவிடுவதற்கும் முன்கூட்டியே ஜோடியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அது நன்றாக வந்தால் கல்யாணமும் அவனுக்கு. அந்த ஒரு கல்யாணத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் கூப்பிட வேண்டும், வேறு யாரும் அவனைக் கூப்பிட இந்த ஊரில் காரணம் இல்லை. இதே இடத்தில்தான் எடுத்தான். வீடியோ பாடங்களில் சொல்லிக் கொடுத்தபடி எல்லாம் செய்தான். பின்னால் சும்மா வெட்டவெளியாக இருக்கக்கூடாது, ஏதாவது ஒரு பொருள் வேண்டும், அது மங்கலாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாணல் ஓரத்தில் யாரோ கவிழ்த்துப் போட்டிருந்த பரிசல் அதற்குத் தோதாக இருந்தது. நிவேதாவையும் மாப்பிள்ளை கோகுலையும் முன்னால் நிற்க வைத்தான், அவர்களுக்கு நடுவே தூரத்தில் பரிசல். பாதி அழுத்தினான், பீப் என்றது. பீப் என்றால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். எதில் ஆயிற்று என்று அது சொல்வதில்லை. கேமராவின் முதுகில் இருக்கிற உள்ளங்கை அகலத் திரையில், அதுவும் வெயிலில், எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரிந்தது. சூப்பர்ணா என்றாள் நிவேதா. வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், கடவுளே, பெண்ணும் மாப்பிள்ளையும் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி கலங்கிக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு நடுவே பரிசலின் மூங்கில் பின்னல் இழை இழையாகத் தெரிகிறது. பரிசலின் நிழலில் உட்கார்ந்திருந்த பெண்ணும் தெரிகிறாள்.

அவள் சுகந்தி, நிவேதாவின் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் தனியாக அனுப்பமாட்டார்கள், அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் துணைக்கு அக்கா. அன்று வந்தபோது அவளை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மாற்றுப்புடவைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் தங்கையின் செருப்புமாகப் பின்னாலேயே வந்தாள், எங்க சார் உட்காரட்டும் என்று கேட்டாள், எங்கேயாவது உட்காருங்க என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் லேப்டாப்பில் அவள்தான் இருந்தாள், எல்லாப் படத்திலும், இரண்டு மங்கலான தோள்களுக்கு நடுவே. ஒன்றில் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டுகிறாள். ஒன்றில் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறாள். ஒன்றில் தங்கையைப் பார்த்துச் சிரிக்கிறாள், தன் பிள்ளை மேடையில் ஆடுவதைப் பார்க்கிற தாயின் சிரிப்பு. அப்புறம் ஒன்று. அந்தப் படத்தில் கோகுலின் கை நிவேதாவின் தோளில் இருக்கிறது. தோளில் கை வைங்க, இறுக்காதீங்க, விரலை மட்டும் லேசா மடக்குங்க என்று அவன் கத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. காற்று அடித்ததால் கத்தினான், பரிசல் வரைக்கும் கேட்டிருக்கும். பரிசலுக்குப் பக்கத்தில் சுகந்தி தன் வலது கையைக் குறுக்கே கொண்டுபோய்த் தன்னுடைய இடது தோளில் வைத்திருக்கிறாள். இறுக்கவில்லை. விரல் லேசாக மடங்கியிருக்கிறது. கண் மூடியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறாள், உண்மையில் யாரும் பார்க்கவும் இல்லை, எடுத்தவன் உட்பட.

அந்தப் படத்தை அவன் எத்தனை தடவை திறந்து பார்த்தான் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை. இல்லை என்றால் நிஜமாகவே இல்லை. அவனும் அதைச் செய்திருக்கிறான், அதுதான் காரணம். ஜோடிப் படம் எடுக்கப் பழக ஜோடி வேண்டும், அவனுக்குத் தெரிந்த ஜோடி யாரும் இல்லை. உறையூர் மாடி அறையில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, தானே படமெடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப் போய்ச் சுவரோரம் நிற்பான். பக்கத்தில் பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொண்டு கையை அந்தரத்தில் நீட்டுவான், தலையைச் சாய்ப்பான், இல்லாத காதில் ஏதோ சொல்வான். கேமரா சிமிட்டும். படத்தில் ஒரு ஆள் சுண்ணாம்புச் சுவரைக் கட்டிக்கொள்ளப் போகிற மாதிரி நிற்பான். அம்மா இருந்திருந்தால் பார்த்துச் சிரித்திருப்பாள், சிரித்துவிட்டு ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்காவது கிளம்பியிருப்பாள். அம்மா போன பிறகு அந்தக் கட்டை யாரும் எடுக்கவில்லை. அவன் தானாக எடுத்துக்கொண்டு போகவா முடியும். அந்த அறையில் சில நாள் அவனோடு பேசியது குக்கர் மட்டும்தான். எனவே சுகந்தியின் கை சுகந்தியின் தோளில் இருந்ததைப் பார்த்தபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு போய் நிவேதாவின் அம்மாவுக்குப் போன் செய்தான், மறுபடியும் எடுக்க வேண்டும் என்று சொல்ல. அங்கேதான் நாக்கு புரண்டது. எனக்கு ஃபோகஸ் வைக்கத் தெரியவில்லை அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "பின்னாடி உங்க பெரிய பொண்ணு உக்காந்திருந்தாங்கம்மா, கேமரா அவங்களப் புடிச்சிருச்சு." அந்தம்மா, "சரி தம்பி. அடுத்த வாட்டி அப்படி ஆவாது, நான் பாத்துக்கறேன்" என்றார்கள். தப்பித்தோம் என்று அன்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டான். அந்தப் பாத்துக்கறேன் மட்டும் தொண்டையில் நின்ற மீன்முள் மாதிரி அதற்கப்புறம் குத்திக்கொண்டே இருந்தது. என்ன பார்த்துக்கொள்வார்கள், எதைப் பார்த்துக்கொள்வார்கள், போகட்டும், கண்ணில் வை, கண்ணில் வை.

கரைமேல் கார் வந்து நின்றது. நிவேதா இறங்கினாள், கோகுல் இறங்கினான். பை, பாட்டில், செருப்பு எல்லாம் கோகுலின் கையிலேயே இருந்தன. மதியழகன் காரைப் பார்த்தான், கதவு சாத்திக்கொண்டது. அக்கா வரலியாம்மா என்று கேட்க நினைத்து, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று, வாங்க வாங்க லைட் போயிரும் என்றான். போக ஒரு அவசரமும் இல்லாததுபோல் வெயில் நிதானமாக இருந்தது. அவர்களை அதே இடத்தில் நிறுத்தினான். முகம் இரண்டும் கேமராவுக்கு ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஒருத்தர் முன்னே ஒருத்தர் பின்னே நின்றால் ஒருத்தர்தான் கிடைப்பார். இதெல்லாம் இப்போது தெரியும். ராத்திரி கண்ணை மூடினாலும் இந்தப் பாடம்தான் ஓடுகிறது. "என்னைப் பாக்காதீங்க, அவங்களப் பாருங்க. பழைய கதை எதாச்சும் பேசுங்க." கோகுல், "பேசிப் பேசி எல்லாம் தீந்துருச்சுண்ணா" என்றான், நிவேதா அவன் முழங்கையில் கிள்ளினாள். நல்ல சிரிப்பு, அதை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை, கண் பரிசலுக்குப் போய்விட்டது. அங்கே யாரும் இல்லை. ஒரு காக்கை மூங்கில் விளிம்பில் உட்கார்ந்து எதையோ கொத்தியது. சிவப்புப் பெட்டி சந்தில் நின்றது. பெட்டியை எடு, பெண்ணின் கண்ணுக்குக் கொண்டு போ, விரலே, போ. போகிறது. பீப். எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தான், கண் கூர்மையாக இருந்தது, ஆனால் சிரிப்பு போய்விட்டிருந்தது. மறுபடி. இப்போது சிரிப்பு இருக்கிறது, பெட்டி நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு காரியத்தில் புத்தி வைத்தால் இன்னொன்று நழுவுகிறது. அவள் ஏன் வரவில்லை. காய்ச்சலோ. வேலைக்குப் போயிருப்பாளோ. என்ன வேலை என்று கூடத் தெரியாது. ஒரு பெண் செருப்பிலிருந்து மணலைத் தட்டுகிற விதம் தெரியும், பேர் தெரியும், வேறொன்றும் தெரியாது, அவள் வராதது இவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது. "அண்ணா, புடவை மாத்திட்டு வந்துரட்டுமா?" என்றாள் நிவேதா. வந்துரும்மா என்றான்.

நிவேதா கார்ப் பக்கம் ஓட, காரின் இன்னொரு கதவு திறந்தது. சுகந்தி இறங்கினாள். அவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. தங்கைக்குத் துணி பிடித்து மறைத்தாள், கொசுவத்தைத் திருத்தினாள், கோகுலைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க தம்பி என்றாள். அப்புறம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி இவனை நோக்கி வந்தாள். வந்தவள் நேராக வரவில்லை. கேமரா எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனித்து, ஒரு பெரிய வளைசல் போட்டு, அவன் முதுகுப் பக்கமாக வந்து நின்றாள்.

"தண்ணி சார்."

"நீங்க வந்திருக்கீங்கன்னே தெரியாதுங்க. கார்ல ஏங்க உக்காந்துட்டீங்க, புழுக்கமா இருக்குமே."

"அம்மா சொல்லிட்டாங்க. அன்னிக்கு நான் படத்துல விழுந்துதான் எல்லாம் கெட்டுப் போச்சாமே." அவள் குரலில் கோபம் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். "முதல்லயே எனக்குக் கல்யாணம் முடியல, இவளுக்கு முடியுது. நல்ல காரியத்துக்கு எடுக்கற படத்துல நடுவுல போயி உக்காந்திருக்கியே, உனக்குக் கொஞ்சமாவது இது இருக்கான்னு ரெண்டு நாளு பேச்சு. எங்கம்மா அப்படித்தான் சார், மனசுல வெச்சுக்க மாட்டாங்க. நான்தான் பாத்து உக்காந்திருக்கணும்."

மதியழகன் பாட்டிலைத் திறந்தான், குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். இதுதான் அந்தப் பாத்துக்கறேன். ரெண்டு நாளு பேச்சு. இவன் தோசை தின்றுகொண்டிருந்தபோது அங்கே அது நடந்திருக்கிறது. ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டதற்கு ஒரு பெண்ணைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் தூக்கி வைத்துவிட்டார்கள். சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும், கல்யாணம் போகும். போனால் திரும்பவும் முக்காலி, நீலத்துணி, சிரிக்காதீங்க. கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா, வேறு ஆளைப் போட்டிருப்பாரே. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. இவளுக்கு இது புதிதில்லை, இன்னொரு நாள் பேச்சு, அவ்வளவுதான். அவ்வளவுதானா. நாக்கு இந்த முறை புரளவில்லை, பேச்சு தானாக வந்தது.

"உங்களால இல்லங்க. எனக்கு ஃபோகஸ் வைக்கத் தெரியல. நீங்க இல்லாட்டியும் அது பரிசல் மேலதான் போயிருக்கும். நான் உங்கம்மாகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தான், கோபித்துக்கொண்டால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க சார்" என்றாள். பிறகு கால்விரலால் மணலைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு எடுத்ததெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

"ஏங்க?"

"இல்ல, எல்லாத்துலயும் நான் விழுந்திருக்கேன்னா... நான் பாட்டுக்கு எதாச்சும் கோணங்கித்தனமா பண்ணிட்டு இருந்திருப்பேன். நிவேதா பாத்தா ஓட்டியே தள்ளிருவா." சிரிக்கத்தான் பார்த்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. தெரிந்துதான் கேட்கிறாள், எந்தப் படம் என்று அவளுக்கும் தெரியும்.

நானும் அப்படித்தாங்க என்று சொல்லலாம். என் அறைச் சுவரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம். இந்த உலகத்தில் ஒரு ஆளிடம் சொல்வதென்றால் இந்த ஆளிடம்தான் சொல்ல முடியும். ஆனால் சொன்ன நொடியே, பார்த்துவிட்டான் என்று ஆகிவிடும். பரிசல் நிழலில் அவளுக்கென்று இருந்த அந்த ஒரு நிமிஷமும் போய்விடும்.

"அன்னிக்கே அழிச்சுட்டேங்க. நீங்க சும்மாதான் உக்காந்திருந்தீங்க. பிஸ்கட் சாப்பிட்டீங்க."

அவள் மூச்சு விட்டது கேட்டது. இவன் போனை எடுத்துக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போனான், யோசித்தால் போகமாட்டோம் என்று யோசிக்காமலே எண்ணை அழுத்தினான். அந்தம்மா எடுத்ததும் இவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதும்மா, பெரிய பொண்ணு மேல ஒண்ணுமே இல்ல, எனக்கு ரெண்டு பேரை வெச்சு எடுத்துப் பழக்கமில்ல, பயத்துல அப்படிச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். "அப்ப தெரியாமதான் எடுக்க வந்தீங்களா தம்பி?" "ஆமாம்மா." "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல. அவள நான் என்னென்னமோ பேசிப்புட்டேனே." மிக்சி ஓடும் சத்தம், எந்த வீட்டிலோ. "இன்னிக்கு மட்டும் ஒழுங்கா எடுத்துக் குடுத்துருங்க தம்பி. கல்யாணத்துக்கு நாங்க வேற ஆளு பாத்துக்கறோம். தப்பா நெனைக்காதீங்க, இது ஒரு தடவதான் நடக்கறது." தப்பா நினைக்க இதில் என்ன இருக்கிறது, அவனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். சரிங்கம்மா என்றான். வெயில் ஒருவழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் கெஞ்சியதற்கு இப்போது வந்திருக்கிறது, மஞ்சளாக, மெத்தென்று, மணல் முழுக்க. கடவுளுக்கும் நேரம் பார்க்கத் தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றாள் சுகந்தி.

"நல்லா எடுக்கச் சொன்னாங்க. நீங்க போயி அன்னிக்கு உக்காந்த எடத்துலயே உக்காருங்க. கார் வேணாம்."

"படத்துல விழுவேனே சார்."

"விழுந்தா பரவால்லைங்க. இந்த வாட்டி தெரிய மாட்டீங்க."

"அப்ப சரி" என்றாள் அவள், நிம்மதியாக, பாட்டிலை வாங்கிக்கொண்டு பரிசலைப் பார்த்து நடந்தாள். வளைசல் போடாமல் நேராகவே நடந்தாள். காக்கை பறந்து போயிற்று.

நிவேதா அரக்குப் புடவையில் வந்து நின்றாள். "அண்ணா, கல்யாணத்தன்னிக்குக் காலைல சீக்கிரமே வந்துருங்க, மேக்கப் போடறதுல இருந்து எடுக்கணும்" என்றாள். அவளுக்கு இன்னும் தெரியாது. சரிம்மா என்றான். கேமராவைக் கண்ணில் வைத்தான். விரல் சொல்லாமலே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போயிற்று, சந்தைத் தாண்டி, காதைத் தாண்டி, நிவேதாவின் இடது கண்ணில் கொண்டுபோய் நிறுத்தியது. இத்தனை நாள் வராதது இப்போது வருகிறது, யாருக்காக என்றுதான் தெரியவில்லை. பீப். மாப்பிள்ளை முகமும் அதே தூரத்தில். இரண்டு பேரும் இரண்டு பேராக இல்லாமல் சேர்ந்து நிற்கிறார்கள், பார்த்தாலே தெரிகிறது. இவர்களுக்குப் பின்னால் பரிசல் பழுப்பாக ஒரு வட்டமாகிவிட்டது, அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு கறை, அதுதான் சுகந்தியின் சுடிதார். "தோள்ல கை வைங்க" என்றான். கோகுல் வைத்தான். அவர்கள் பக்கத்திலேயேதான் நின்றார்கள், காற்றும் இல்லை, ஆனாலும் மதியழகன் இன்னும் உரக்க, பரிசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "தோள்ல கை வைங்க. இறுக்காதீங்க. விரலை மட்டும் லேசா மடக்குங்க." "வெச்சுட்டேண்ணா" என்றான் கோகுல். எடுத்தான். எடுத்ததைத் திரையில் கொண்டுவந்து பெரிதாக்கினான். நிவேதாவின் இமைமயிர் தனித்தனியாகத் தெரிந்தது, கோகுலின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மணல்கூடத் தெரிந்தது. படத்தை நகர்த்தி இரண்டு பேருக்கும் நடுவே கொண்டுபோனான். அங்கே பச்சை மட்டும்தான் இருந்தது. இன்னும் பெரிதாக்கினான், பச்சை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. சுகந்தியின் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "எப்படிண்ணா வந்திருக்கு?" என்று கேட்டாள் நிவேதா. சரியா வந்திருக்கும்மா என்றான்.